காற்றுதான் கேட்டார்

அண்ணனின் வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. இடது கை எளிதாகப் போய்விட்டது. வலது கை முழங்கையில் மடங்கி, மார்பின் மேல் கிடந்து, விரல்கள் சற்றே விரிந்து, ஏதோ சொல்ல வந்ததைப் பாதியில் விட்டதுபோல் இருந்தது. தம்பி மெல்ல இழுத்துப் பார்த்தான். வலிக்குமோ என்று சட்டென்று விட்டுவிட்டான். இனி வலிக்காது என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

“இழுக்காதீங்க தம்பி. முதுகுப் பக்கம் வெட்டிட்டா சுலபமாப் போட்டுடலாம்” என்றாள் அண்ணி. “படுத்திருக்கிறவர் முதுகை யார் பார்க்கப் போறாங்க?”

அவளே கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, ஆலையில் கொடுத்த நீலச் சட்டையைக் காலரிலிருந்து கீழ்வரை ஒரே கோடாக வெட்டினாள். விடிவதற்குள் அழுது ஓய்ந்துவிட்ட முகம். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று சட்டையை மார்பின் மேல் பரப்பி, ஓரங்களைத் தோளுக்கடியில் செருகினார்கள். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டே வந்த அண்ணி சொன்னாள்:

“நேத்து பூரா நீங்க கூடவே இருந்தீங்க. ஊரே ஓட்டு ஓட்டுன்னு அங்க ஓடிட்டிருந்தப்ப, லீவு போட்டுட்டு அண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே, அந்த ஒரு புண்ணியம் போதும் தம்பி உங்களுக்கு. நான் ஒருத்தியா இருந்திருந்தா அவர் என்ன கேக்கறார்னுகூடத் தெரிஞ்சிருக்காது.”

தம்பி கழுத்துப் பொத்தானைத் துளையில் நுழைக்கத் தெரியாதவன்போல் குனிந்தே இருந்தான். ஏசினால் தாங்கிக்கொள்ளலாம். நன்றி சொன்னால் என்ன செய்வது?

ஆலையில் அவனுக்குப் பெயரே தம்பிதான். அண்ணன் கைபிடித்துக் கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்ட நாளிலிருந்து, காதோரம் நரைத்த பின்னும், அவனுக்குச் சின்னவர்கள்கூட அவனைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள். கண்ணாடிப் புட்டி செய்யும் ஆலை அது. அண்ணனுக்கு உலைப் பக்கம் வேலை. தம்பிக்கு, ஓடிவரும் புட்டிகளை விளக்கொளியில் பார்த்துக் கீறல் விழுந்ததை ஒதுக்கும் வேலை. அத்தனை புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் ஆலைக்காரர்கள் கையால் பேசினார்கள். யாரும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய பேச்சு அல்ல. தேவைக்குத் தேவை முளைத்தது. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால், சாப்பிட்டாயா. முஷ்டியால் உள்ளங்கையில் இரண்டு தரம் இடித்தால், கேட். வருகை அட்டையைக் கேட்டிலிருக்கும் இயந்திரத்தில் அப்படி இடித்துத்தான் பதிய வேண்டும். மூக்கைத் தொட்டால், மேஸ்திரி வருகிறார். அந்தப் பெரிய மூக்கு மேஸ்திரி ஓய்வு பெற்றுப் போய், மூக்கே இல்லாத மாதிரி ஒருவர் மேஸ்திரியாக வந்த பிறகும் சைகை மட்டும் மாறவில்லை.

அண்ணனின் தொண்டையில் வந்த கட்டியை எடுத்தபோது கட்டியோடு குரலும் போயிற்று. கையெழுத்துக்கு மேல் எழுதிப் பழகாத மனிதர். ஆஸ்பத்திரியில் நோட்டும் பேனாவும் கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஆனால் கைகள் இருந்தன. அவை ஆயுள் முழுக்கப் பேசிப் பழகியவை. வாயால் பேசிய காலத்தைவிடக் கையால் பேசிய இந்த மாதங்களில்தான் அண்ணன் அதிகம் பேசினார் என்றுகூடச் சொல்லலாம்.

அண்ணிக்கு அந்தப் பேச்சு தெரியாது. தண்ணீர், போதும், விளக்கை அணை என்பது மாதிரிச் சிலவற்றைப் பழகிக்கொண்டாள். மற்றதற்கெல்லாம் மாடிப்படியடியில் வந்து நின்று, “தம்பி, என்னமோ சொல்றார், கொஞ்சம் வாங்களேன்” என்பாள். மாடியில் மனைவியோடு குடியிருந்த தம்பி இறங்கி வருவான். அவன் சொன்னதுதான் அந்த வீட்டில் அண்ணன் சொன்னது.

இந்த நேரத்தில்தான் வாக்கெடுப்பு வந்தது.

ஆலையில் இரண்டு சங்கங்கள். பழைய சங்கத்தை அண்ணனும் அவருடைய கூட்டாளி ஸ்பீக்கரும் சேர்ந்து தொடங்கினார்கள். அந்தக் கூடத்தின் இரைச்சலுக்கு மேல் வாயால் பேசிக் கேட்கவைத்த ஒரே மனிதர் என்பதால் அவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர். உலைப் பக்கம் நிற்பவர்களின் ஓய்வு நேரத்தைக் குறைக்கும் ஒப்பந்தம் ஒன்றில் பழைய சங்கம் கையெழுத்துப் போட்டது. வேறு வழியில்லை என்றார் ஸ்பீக்கர். வழியில்லை என்று சொல்வதற்குச் சங்கம் எதற்கு என்று கேட்டுக் கொதித்தவர்கள் புதுச் சங்கம் ஆரம்பித்தார்கள். தம்பி அதன் செயற்குழுவில் இருந்தான். அவன் கொதிப்பு பொய்யல்ல. உலை முன்னால் நின்று நின்று அண்ணன் உடம்பு உருகியதைப் பார்த்தவன் அவன்.

நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும் உரிமை எந்தச் சங்கத்துக்கு என்று ரகசிய வாக்கெடுப்பால் முடிவுசெய்யத் தொழிலாளர் அலுவலகம் நாள் குறித்தது. தோற்ற சங்கம் அடுத்த வாக்கெடுப்பு வரை வெளியே நிற்க வேண்டியதுதான். இழுபறி, ஒரே ஓட்டில்கூட முடிவு மாறலாம் என்று இரண்டு பக்கத்திலும் பேசிக்கொண்டார்கள்.

நோய் விடுப்பில் இருந்தாலும் அண்ணனுக்கும் ஓட்டு இருந்தது. யாருக்குப் போடுவதாக உத்தேசம் என்று தம்பி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டான். அண்ணன் ஒரு விரலைத் தன் மார்பில் வைத்தார். பிறகு மேலே காட்டினார். எனக்கும், மேலே இருக்கிறவருக்கும் மட்டும்தான் அது தெரியும்.

அதைப் பழைய சங்கம் என்று தம்பி புரிந்துகொண்டான். பெற்ற பிள்ளையை யார் கைவிடுவார்கள்?

வாக்கெடுப்பு நாளன்று கேட் திறந்ததும் முதல் ஆட்களில் ஒருவனாக ஓட்டுப் போட்டான். காலில் கட்டோடு வீட்டில் கிடந்த தங்கள் சங்கத்துச் சரக்கு வண்டிக்காரரை நாற்காலியோடு தூக்கி வேனில் ஏற்றி, ஓட்டுப் போடவைத்துத் திரும்ப வீட்டில் இறக்கிவிட்டான். பிறகு அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தான்.

அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பல நாட்களாக அப்படி உட்கார்ந்ததில்லை. தலைகூட வாரியிருந்தது. தம்பியைக் கண்டதும் முகம் மலர்ந்து, முஷ்டியால் உள்ளங்கையில் இரண்டு தரம் இடித்தார். கட்டைவிரலை உள்ளங்கையில் அழுத்தினார். முத்திரை குத்துவதுபோன்ற அந்தச் சைகை அந்த மாதம்தான் ஆலையில் முளைத்தது. பார்க்க வந்தவர்கள் மூலம் அண்ணன்வரை வந்து சேர்ந்திருந்தது. பிறகு தன் மார்பைத் தட்டிக்கொண்டார்.

கேட். ஓட்டு. நான்.

“விடிஞ்சதுலேருந்து இதையேதான் காட்டிட்டிருக்கார். என்ன சொல்றார் தம்பி?” என்றாள் அண்ணி.

“நெஞ்சு அடைக்குதாம் அண்ணி. காத்து போதலையாம். ஜன்னலைத் திறக்கச் சொல்றார்.”

சொல்வதற்கு முன் அவன் யோசிக்கவில்லை. அதுதான் பிற்பாடு அவனை மிகவும் பயமுறுத்தியது. பொய்க்கு முன்னால் மனிதன் ஒரு கணமாவது தயங்குவான், அந்த ஒரு கணத்தில் கடவுள் வந்து கையைப் பிடிப்பார் என்று நம்பியிருந்தவன் அவன். கடவுளுக்கு அவன் நேரமே கொடுக்கவில்லை.

அண்ணி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். அண்ணன் தலையை ஆட்டினார், அது இல்லை. மறுபடியும் முஷ்டி, கட்டைவிரல், மார்பு. அவள் அடுத்த ஜன்னலையும் திறந்தாள். துருப்பிடித்த கொக்கி, சுத்தியலால் தட்டித் திறந்தாள். மறுபடியும் முஷ்டி. வாசற்கதவை விரியத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் செங்கல்லை முட்டுக்கொடுத்தாள். “இன்னுமா போதல? இன்னுமாங்க?” என்று கேட்டுக்கொண்டே பழைய காலண்டர் அட்டையால் விசிறினாள்.

அண்ணன் அவளைவிட்டுத் தம்பியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தம்பி மருந்துப் புட்டியைக் கையிலெடுத்து, அதில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

அலைச்சல் உடம்புக்கு ஆகாது, அசைக்கவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அது உண்மைதான். ஆனால் அண்ணன் புதுச் சங்கத்து ஆளாக இருந்திருந்தால் முதுகில் சுமந்தாவது கொண்டுபோயிருப்போம் என்பதும் உண்மை. காலையில் நாற்காலி தூக்கிய வலி இன்னும் தோளிலிருந்து போகவில்லை.

அதன் பிறகு அவன் வெளியே கிளம்பவில்லை. காவல் இருந்தான்.

நடுப்பகலில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அண்ணி பின்கட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி செங்கல்லைத் தாண்டி வெளியே போய், வருகிறவரை வழியிலேயே நிறுத்தினான்.

“முழிச்சிருக்கானா?” என்றார் ஸ்பீக்கர். “மெத்தை போட்டுக் கொண்டாந்திருக்கேன் தம்பி. வண்டி நடக்கிற வேகத்துலதான் போகும். அவன் யாருக்குப் போட்டாலும் சரி, உங்க சங்கத்துக்கே போட்டாலும் சரி. அவன் இல்லாம ஆலையில ஒரு ஓட்டெடுப்பான்னு மனசு கேக்கல.”

“தூங்கறார். ராத்திரி பூராத் தூக்கமில்ல. இப்பத்தான் கண்ணசந்தார்.”

ஸ்பீக்கர் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணைத் திரும்பிப் பார்க்கவைத்தது. “அப்ப தூங்கட்டும்பா. தூக்கம்தான் மருந்து. நான் வந்தேன்னு சொல்லு.”

கனத்த பூட்ஸைப் பூனைபோல் எடுத்துவைத்து வேனுக்குத் திரும்பினார். கதவை அடித்துச் சாத்தாமல், ஓட்டுநரைக் கையமர்த்திவிட்டு, மெல்ல அழுத்திச் சாத்தினார்.

மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததற்கு ஆலையின் சங்கு ஊதியது. அதுவரைக்கும், ஓய்ந்து ஓய்ந்து, அண்ணனின் கை எழுந்துகொண்டேதான் இருந்தது. சங்கொலி கேட்டதும் நின்றது. சற்று நேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தார். பிறகு தம்பி பக்கம் முகத்தைத் திருப்பி, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார்.

சாப்பிட்டாயா.

தம்பி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆயிற்று என்று தலையாட்டினான். கண்ணைப் பார்க்காமல் ஆட்டினான்.

அந்தி சாய்ந்ததும் ஓட்டு எண்ணும் இடத்துக்குப் போனான். ஆலைக் கேண்டீனில் மேசைகளைச் சேர்த்துப்போட்டு எண்ணினார்கள். இழுபறி என்று சொன்னதெல்லாம் பேச்சாகவே போயிற்று. பாதி எண்ணும்போதே தெரிந்துவிட்டது. புதுச் சங்கம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அண்ணன் ஓட்டுப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், எந்தச் சங்கத்துக்குப் போட்டிருந்தாலும், ஒரு துரும்பும் அசைந்திருக்காது.

யாரோ தம்பியைத் தோள்மேல் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்துதான் கேட் பக்கமிருந்து வாட்ச்மேன் வருவதைப் பார்த்தான். இயந்திரங்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. வாயால் சொன்னாலே கேட்டிருக்கும். ஆனால் வாட்ச்மேன் தூரத்திலேயே நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாகக் கீழே இறக்கினார். இயந்திரம் நின்றுவிட்டது என்பதற்கு ஆலையில் அப்படிக் காட்டுவார்கள்.

“இறக்குங்கடா” என்றான் தம்பி. ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறக்கினார்கள்.

மறுநாள் சட்டை போட்டு முடிப்பதற்குள் வீடு நிறைந்துவிட்டது. ஆலையிலிருந்து வந்தவர்களே அதிகம். புதுச் சங்கத்துக்காரர்கள் வாசலில் முகத்தை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருவன் மாற்ற மறந்து, வந்த வேகத்தில் தம்பியின் கையைப் பிடித்து, “வாழ்த்துகள் தோழரே” என்றுவிட்டான். பிறகு கட்டிலைப் பார்த்தான். பிடித்த கையை விடுவதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல், குலுக்கிக்கொண்டே நின்றான். தம்பிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அந்த வீட்டில் அன்று தவறியாவது உண்மையைப் பேசியவன் அவன் ஒருவன்தான் என்று தோன்றியது.

தம்பியின் மனைவி எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். ஸ்பீக்கரும் வாட்ச்மேனும் உலைப் பக்கத்து ஆட்கள் சிலரும் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் கலந்துதான் உட்கார்ந்திருந்தார்கள்.

“கடைசியா ஏதாவது சொன்னானாம்மா?” என்று ஸ்பீக்கர் அண்ணியைக் கேட்டார்.

“காத்துதான் கேட்டார்” என்றாள் அண்ணி. “காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அதே கேள்விதான். நானும் இருக்கிற ஜன்னலையெல்லாம் திறந்தேன், கதவைத் திறந்தேன், விசிறினேன். என்ன பண்ணியும் அவருக்குப் போதல. இந்தா, இப்படி, இப்படி, அப்புறம் நெஞ்சைத் தட்டுவார். நெஞ்சு அடைக்குதுன்னா உங்க ஆலையில இப்படித்தானே காட்டுவீங்க?”

அவள் முஷ்டியால் உள்ளங்கையில் இரண்டு தரம் இடித்தாள். கட்டைவிரலை அழுத்தினாள். மார்பைத் தட்டிக்கொண்டாள். நாள் முழுக்கப் பார்த்த சைகை, பிசகில்லாமல் வந்தது.

உட்கார்ந்திருந்த அத்தனை ஆலைக்காரர்களும் அவள் கைகளைப் பார்த்தார்கள். உலைப் பக்கத்து ஆள் ஒருவர் வாயருகே கொண்டுபோன டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் தரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் மட்டும் தம்பியைப் பார்த்தார்.

தம்பி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். தலை தானாகக் குனிந்தது. ஓடிவிடலாம் என்றால் வாசற்கதவு திறந்துதான் இருந்தது. கால் வரவில்லை. இவர் இப்போது வாயைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

“ஆமாம்மா” என்றார் ஸ்பீக்கர். பக்கத்தில் இருந்தவர் காதைச் சாய்த்துக் கேட்கவேண்டிய குரல். “காத்துதான். அவன் கேட்டான், நீ திறந்து குடுத்துட்டே. நீ ஒரு குறையும் வைக்கல.”

“அது போதும் எனக்கு” என்றாள் அண்ணி. முதல் முறையாக அன்று அவள் தோள்கள் தளர்ந்தன.

அடக்கம் முடிந்து திரும்பும்போது தம்பி வேண்டுமென்றே பின்தங்கினான். ஸ்பீக்கரும் பின்தங்கினார். தார் உருகிய சாலையின் ஓரமாக இருவரும் நடந்தார்கள். அவர் ஆரம்பிக்கட்டும் என்று இவன் காத்திருந்தான். அவர் ஆரம்பிப்பதாக இல்லை.

“திட்டுங்க” என்றான் தம்பி கடைசியில்.

“திட்டினா உனக்கு லேசாயிடும்.”

“நேத்து உங்ககிட்டயும் பொய் சொன்னேன். அவர் தூங்கல.”

“தெரியுது.”

“உங்களுக்கு ஒரு ஓட்டுப் போயிடுமேன்னு…”

ஸ்பீக்கர் நின்றுவிட்டார். “எனக்குன்னு யார் சொன்னது? போன மாசம் நான் பார்க்க வந்தப்ப, அந்த ஒப்பந்தத்துக்காக உங்கண்ணன் என்னைக் கையாலயே கிழிகிழின்னு கிழிச்சான். நல்லவேளை, உங்கண்ணிக்குப் புரியல. அவர் என்ன சொல்றார்னு கேட்டா. நலம் விசாரிக்கிறான்னு சொன்னேன்.”

“அப்ப எங்களுக்கா போட்டிருப்பார்?”

“அது எப்படித் தெரியும்? கிழிச்சவன் கடைசியில என் கையைப் பிடிச்சிக்கிட்டுல்ல அழுதான். அது அவனுக்கும் கடவுளுக்கும் நடுவுல இருந்த விஷயம். நீ குறுக்க போய் நின்னுட்டே.”

ஒரு லாரி அவர்களைத் தாண்டிப் போயிற்று. புழுதி அடங்கும்வரை இருவரும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள்.

“பின்ன ஏன் அண்ணிகிட்ட அப்படிச் சொன்னீங்க?” என்றான் தம்பி.

“புருஷனை அப்ப மண்ணுக்குக்கூடக் குடுக்கலை. அந்த நேரத்துல வேற என்னத்தைச் சொல்றது?” அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். “ஆனா ஒண்ணு. நேத்து வரைக்கும் அது உன் பொய். இன்னிக்கு என் பொய்யும்தான். ரொம்ப நாள் தூக்க வெக்காதே தம்பி. எனக்கு முட்டி வலி வேற.”

சிரிக்கவேண்டும் என்றுதான் சொன்னார். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசியிருப்பான். தன் மூட்டையின் ஒரு முனையை ஒருவர் கேட்காமலே பிடித்துக்கொண்டு கூட நடக்கும்போது என்ன பேசுவது?

வந்தவர்கள் கலைந்தார்கள். இரவல் வாங்கிய நாற்காலிகள் போய்விட்டன. வெயில் தாழ்ந்த நேரத்தில் அண்ணி பின்கட்டில் குந்தி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, கழுவியதை வாங்கிக் கவிழ்க்க ஆரம்பித்தான். சொல்லவேண்டியதை எங்கிருந்து தொடங்குவது என்று பல டம்ளர்களுக்கு அவனுக்குத் தெரியவில்லை.

“அண்ணி. அது காத்து இல்ல.”

“எது?”

“நேத்து அவர் காட்டினது. கேட்டுக்குப் போகணும், ஓட்டுப் போடணும், என்னைக் கூட்டிட்டுப் போன்னார். எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சுதான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன். அவர் எங்களுக்கு எதிராப் போட்டுடுவார்னு.”

அண்ணி கையிலிருந்த டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகியிருந்தது.

“அப்ப ஸ்பீக்கரண்ணன்?”

“எனக்காகச் சொன்னார். உங்களுக்காகவும்.”

“நான் நாள் பூரா…” என்றாள் அண்ணி. அதை முடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: “குரல் போனப்புறம் அவர் பேசினதெல்லாம் உங்க வாய் வழியாத்தானே எனக்கு வந்துச்சு? மத்ததெல்லாம்? மத்ததாவது அவர் சொன்னதா?”

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒரு பொய் ஒரு பொய்யோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தான். அது பின்னோக்கிப் போய் எத்தனை மாதங்களைத் தின்னும் என்று அப்போதுதான் கண்டான்.

“அவர் சொன்னதுதான் அண்ணி.” பிறகு திருத்திக்கொண்டான். “ஒண்ணு மட்டும் நானாச் சொன்னது. சமையல் நல்லாயிருக்குன்னு சொல்றார்னு சொல்வேனே, அது. உப்பு கம்மின்னுதான் காட்டுவார்.”

அண்ணியின் வாய் கோணியது. சிரிப்புத்தான். “அது எனக்கு அப்பவே தெரியும். கட்டின நாள்லேருந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. தொண்டை போனப்புறமா சொல்லப் போறார்?” சிரிப்பு பாதியில் உடைந்து, அவள் ஈரப் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா கேக்க நல்லா இருந்துச்சு.”

தம்பி அவள் கீழே வைத்த டம்ளரை எடுத்துக் கவிழ்த்தான்.

“எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, அவளைப் போய்ப் படுக்கச் சொல்லு, எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொன்னது?”

“அது அவர்தான் அண்ணி. சத்தியமா.”

“சத்தியம் பண்ணாதீங்க தம்பி.” கடுமையாகச் சொல்லவில்லை. சூடான பாத்திரத்தைத் தொடப்போகும் பிள்ளையிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

பிறகு இரண்டு கைகளையும் புடவையில் துடைத்தாள். “நீங்க ஓட்டு எண்ணப் போனப்புறம் அவர் ஒண்ணு காட்டினார். கூப்பிட்டுக் கேக்கலாம்னா நீங்க இல்ல. இதுக்கு என்ன அர்த்தம்?”

வலது உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தட்டையாகப் பிடித்து, தன் முன்னால், இடமிருந்து வலமாக, மெதுவாக, ஒரே மட்டத்தில் நகர்த்தினாள்.

தம்பிக்கு அது தெரியும். உலைப் பக்கம் வேலை செய்த யாருக்கும் தெரியும்.

“ஷிப்ட் முடிஞ்சு போறவர் வரவருக்குக் காட்டறது அண்ணி. உலை சமமா இருக்கு, குறை ஒண்ணுமில்ல, இனி உங்ககிட்ட ஒப்படைச்சேன்னு அர்த்தம்.”

“வரவங்க என்ன செய்யணும்?”

“அதையே திருப்பிக் காட்டணும். காட்டற வரைக்கும் போறவர் உலையை விட்டு நகரமாட்டார்.”

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள். “நான் காட்டினேன்” என்றாள். “என்னன்னு தெரியல. என்ன பண்றதுன்னும் தெரியல. அவர் காட்டின மாதிரியே நானும் காட்டினேன். அதுக்கப்புறம்தான் கையை மார்மேல வெச்சிக்கிட்டார்.”

கொடியில் காய்ந்த துணி ஒன்று காற்றில் படபடத்து அடங்கியது.

“இதுவும் நீங்களாச் சொல்றதா தம்பி?”

“இல்ல அண்ணி.”

அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தான். நம்பும்படியாகச் சொல்ல அவனிடம் என்ன இருந்தது? இருந்ததையெல்லாம் நேற்றுக் காலையில் செலவழித்துவிட்டான். அண்ணி அவனை நம்பியதாகவும் காட்டவில்லை, நம்பாததாகவும் காட்டவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, வீட்டுக்குள் நடந்து, தெருப்பக்கம் போய் நின்றாள்.

ஷிப்ட் மாறுகிற நேரம். ஆலைக்குப் போகிறவர்கள் சாலையின் இந்தப் பக்கமும், வேலை முடிந்து திரும்புகிறவர்கள் அந்தப் பக்கமுமாக நடந்தார்கள். நடுவில் லாரிகளும் பஸ்களும் இரைந்துகொண்டு போயின. ஒரு பக்கத்திலிருந்து கூப்பிட்டால் மறுபக்கம் கேட்காது. நீலச் சட்டைக்காரர்கள் வண்டிகளின் இடைவெளியில் ஒருவரையொருவர் பார்த்து, கையை உயர்த்தி, ஏதேதோ பேசிக்கொண்டு போனார்கள்.

தம்பி அவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி வந்து நின்றான். பழக்கத்தில், அவள் திரும்பி, என்ன சொல்றாங்க தம்பி என்று கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் திரும்பவில்லை. கண்ணுக்குமேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, சாலைக்கு அப்பால் எழுந்து எழுந்து இறங்கும் கைகளையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.